ஆந்தையின் பகல்

ரொட்டி ஆலையில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். ராத்திரி முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவர்கள் பகல் ஷிப்டுக்காரர்கள். வெளிச்சத்தில் வேலைக்கு வந்து வெளிச்சத்திலேயே வீடு திரும்புகிற புண்ணியவான்கள். அவர்களுக்கு எல்லாமே வேடிக்கைதான். ஆந்தை இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்போது தட்டுத் தட்டாக மாவை உள்ளே தள்ளி, பொன்னிறமாக வெளியே இழுக்கிற அந்த வேலை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. கட்டிய மனைவியை விழித்த கண்ணோடு அவன் பார்ப்பதே அபூர்வம்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அங்கே எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. அவளுக்குப் பகல் வேலை. மகள் பிறந்த புதிதில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கொஞ்ச நாளைக்கு நான் ராத்திரிக்கு மாறிக்கொள்கிறேன் என்று இவன்தான் சொன்னான். கொஞ்ச நாளைக்கு என்று செய்கிற ஏற்பாடுகளுக்கு இருக்கிற ஆயுசு மனிதர்களுக்குக் கூடக் கிடையாது. குழந்தை தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், இப்போது கடைசி வகுப்பில் நின்று அம்மாவைவிட உயரமாக இருக்கிறாள். ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. விடியலில் அவன் வாசலுக்குள் நுழைவான். செருப்பு மாட்டிக்கொண்டே அவள் வெளியேறுவாள். சாயங்காலம் அதே கதை, ஆள் மட்டும் இடம் மாறியிருக்கும். வார விடுமுறையாவது சேர்ந்து வருகிறதா என்றால், அவனுக்குப் புதன், அவளுக்கு ஞாயிறு. புதன் ராத்திரிகளில் தூக்கம் வராமல் அவன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்னா கல்யாண போட்டோவைத்தான் பாக்கணும் என்று மகள் கேலி செய்வாள். அதையும் மெதுவாகத்தான் சொல்வாள். ஏனென்றால் அந்த வீட்டில் யாருக்கும் சத்தமாகப் பேச வராது. எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும் வீடு அது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டியிருக்கும். கதவுக் கீலுக்கு வாரா வாரம் எண்ணெய். அழைப்பு மணியின் கம்பியை அவளே ஒரு நாள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். குக்கர் பரணில் கிடந்தது. அவள் எல்லாவற்றையும் மூடி போட்ட பாத்திரத்திலேயே வேக வைத்தாள். படுக்கையறை ஜன்னலுக்கு அவள் தைத்த கறுப்புத் திரை, உச்சி வெயிலில்கூட ஒரு பொட்டு வெளிச்சத்தை உள்ளே விடாது. இருவரின் கைப்பேசியும் வாங்கிய நாளிலிருந்து வாய் திறந்ததில்லை. உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் பதில் சொன்னால் முதல் பெஞ்சுக்கே கேட்க மாட்டேன் என்கிறது என்று டீச்சர் வீட்டுக்கே வந்து முறையிட்டார். அப்பா தூங்குகிறார் என்று மகள் அவருக்கும் வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

அப்படியிருக்க, ஆலையில் அடுப்பின் உட்செங்கல்லை மாற்றுவதற்காக வேலையை நிறுத்தினார்கள். பகல் ஷிப்டில் அடுப்பு பார்த்தவரும் அந்த வாரத்தோடு ஓய்வு பெற்றார். சூப்பர்வைசர் ஆந்தையைக் கூப்பிட்டு, பகல் இடம் காலி, முதல் உரிமை உனக்குத்தான், நாளை மறுநாள் மறுபடி அடுப்பு மூட்டுவதற்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன், இனி இப்படி ஓர் இடம் எப்போது வருமோ என்றார். இத்தனை வருஷம் எதை வேண்டி நின்றானோ அது தானாகக் கையில் வந்து விழுந்தது. குதித்திருக்க வேண்டும். ஆனால் ஆந்தை, யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டான்.

காரணம் கீழ்வீடு. கீழ்வீட்டுப் பெரியவரும் அவர் வீட்டம்மாவும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். பெரியவர் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்தாரோ இல்லையோ, கீரியும் பாம்புமாகிவிட்டார்கள். பகலில் படுத்திருக்கும் ஆந்தைக்கு அவர்கள் சண்டை தரை வழியாகத் தெளிவாகக் கேட்கும். அந்த அம்மாள் ஒரு தடவை மாடிப்படியில் அவனை நிறுத்தி, "வேலைக்குப் போனப்ப இந்த மனுஷன் நல்லவராத்தான் இருந்தாரு தம்பி" என்றாள். அந்த வார்த்தை அவன் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. தன் மனைவிக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவளுக்குப் பிடித்திருப்பது தூங்குகிற ஆளையா, விழித்திருக்கிற ஆளையா? விழித்திருக்கிற ஆளை அவளுக்கு எவ்வளவு தெரியும்?

ஆகவே விஷயத்தை அவளிடம் மூச்சு விடாமல், ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டான். மகள் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். முழுப் பகல், விழித்த கண்ணோடு, இருவர் மட்டும். ஒரு சின்னச் சண்டையாவது வந்தால் ராத்திரி வேலையே போதும் என்று சொல்லிவிடுவது. வராவிட்டால் பகலுக்கு மாறுவது. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறான், பாருங்கள். அவளோ ஒன்றும் அறியாமல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி புடவை தேடினாள்.

காலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோதே அவனுக்கு எல்லாம் கனவு மாதிரி இருந்தது. வழக்கமாகக் கண்ணை மூடுகிற நேரம் அது. இத்தனை வருஷமாக விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே அவன் பார்த்திருந்த ஊர், வெயிலில் வேறு யாருடைய ஊராகவோ இருந்தது. ஆற்றுப் பாலம் பச்சை நிறம் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ராத்திரியில் இரும்புக் கதவுகளாக மட்டும் இருந்த தெருவில் துணிக்கடை, பூக்கடை, கண்ணாடிக்கடை எல்லாம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தன. கண் கூசியது. நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து நகர்ந்தன. பக்கத்தில் அவள் இருந்தாள். அவள் காதோரம் நரைத்திருப்பதை அவன் கவனித்தான். முகவாயில் ஒரு மச்சம் இருந்தது. அது எப்போதும் அங்கே இருந்ததா, இப்போது வந்ததா என்று கேட்க வெட்கமாக இருந்தது. அவள் அழகாக இருந்தாள். அடுத்தவன் மனைவியைப் பார்த்துவிட்ட மாதிரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏரிக்கரைப் பூங்காவில் இருவர் மிதிக்கிற நீள சைக்கிளை வாடகைக்கு எடுத்தார்கள். முன்னால் அவன், பின்னால் அவள். வளைவு வந்தபோது அவள் வலது பக்கம் என்றாள். வீட்டுப் பழக்கத்தில், காதோடு காதாகச் சொல்கிற குரலில் சொன்னாள். காற்றில் அது அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது? சைக்கிள் நேராகப் பூப்பாத்திக்குள் இறங்கி நின்றது. தோட்டக்காரர் ஓடி வந்து கத்தினார். இருவரும் அவரைப் பார்த்து ஒரே நேரத்தில் வாயில் விரல் வைத்தார்கள். மனுஷனுக்குப் பேச்சே நின்றுவிட்டது. ஆந்தை ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். இப்போது திட்டுவாள், முன்னால் பார்த்து ஓட்டத் தெரியாதா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, பரவாயில்லைங்க என்றாள்.

பிறகு மணிக்கூண்டு. சுற்றிச் சுற்றிப் போகும் குறுகிய படிகள். அவள் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவள், கடகடவென்று ஏறினாள். அவன் பின்னால் இளைத்துக்கொண்டு போனான். உச்சியில் காற்று இருவரையும் தள்ளியது. ஊர் முழுக்க வெயிலில் மிதந்தது. அவன் ஆலையின் புகைபோக்கியைக் காட்டினான். அவள் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருந்தது.

"இவ்வளவு பக்கத்துலயா இருக்கோம்" என்றாள் அவள்.

ஆமாம் என்றான் அவன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை. இறங்கலாமா என்று அவன் கேட்டான், உங்கள் இஷ்டம் என்று அவள் சொன்னாள்.

அன்று முழுவதும் இந்த உங்கள் இஷ்டம்தான் நடந்தது. சாப்பிடலாமா? உங்கள் இஷ்டம். படகில் போகலாமா? உனக்குப் பிடித்தால் போகலாம். மிதி படகில் அவள் ஒரு வேகத்தில் மிதிக்க, அவன் ஒரு வேகத்தில் மிதிக்க, படகு நட்ட நடு ஏரியில் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையிலிருந்து படகுக்காரர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். படகுக்குள்ளோ ஒரு சின்ன முணுமுணுப்புக்கூட இல்லை. தண்ணீர் மினுங்கியது, கரை சுற்றியது, மரங்கள் சுற்றின, ஆந்தைக்குத் தலையும் இதமாகச் சுற்றியது. ஆனால் உள்ளே வேறொரு பயம் முளைவிட்டது. சண்டை வந்துவிடுமோ என்று பயந்தவனுக்கு, இவளோடு சண்டை போடக்கூட ஒன்றும் இல்லையோ என்று தோன்றியது. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் தண்ணீர் வேண்டுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டுக்கொள்வதுபோல அல்லவா இருக்கிறோம். இதற்காகவா பகலைக் கேட்டேன்? அவனுக்குத் துக்கமாக வந்தது.

கரையேறியதும் ஒரு பெரிய மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராத்திரி ஆளின் உடம்பு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான். முடித்தானா என்று அவனுக்கே தெரியாது.

கண் விழித்தபோது இருட்டாக இருந்தது. முகத்தின் மேல் அவள் சால்வை மடித்துப் போட்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மூடியைத் தளர்த்தி வைத்த தண்ணீர் பாட்டில். செருப்பு இரண்டும் பக்கத்தில் ஜோடியாக இருந்தன. எல்லாம் தினமும் இருக்கிறபடியே இருந்ததால் அவன் நிம்மதியாக எழுந்து உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். அவள் வேலையிலிருந்து வருகிற நேரம்தான், குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சால்வையை மடித்தான். நான்காக மடித்த பிறகுதான் எதிரே சுவருக்குப் பதிலாக ஏரி இருப்பதைப் பார்த்தான்.

அவள் இல்லை. படகுத்துறையில் இல்லை, சைக்கிள் நிலையத்தில் இல்லை, கழிப்பறைப் பக்கம் இல்லை. கைப்பேசியில் அழைத்தான். அது எங்கேயோ ஒரு பைக்குள் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும் என்பது அவனுக்கே தெரியும். அழைத்து அழைத்து வைத்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வெயில் சாய்ந்திருந்தது, கூட்டம் பெருகியிருந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியாத முகங்கள். கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் அவளை அவன் கூப்பிட்டதே இல்லை. கதவை இரண்டு தட்டுத் தட்டுவான், அவ்வளவுதான். என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் அந்த மனுஷன் கூட்டத்தின் நடுவே வாயைத் திறந்து திறந்து மூடினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் வயிற்றிலிருந்து எதுவோ கிளம்பியது.

"பாப்பா அம்மா!"

மகளைப் பாப்பா என்றுதான் இருவரும் சொல்வார்கள். ஆந்தை மறுபடி கத்தினான். மறுபடியும். மரத்திலிருந்து பறவைகள் எழுந்தன. நாலு பக்கத்திலிருந்தும் யார் யார் அம்மாக்களோ திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் கரகரவென்று, முரட்டுத்தனமாக, அடுப்புக் கதவைத் திறக்கிற சத்தம் மாதிரி இருந்தது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவனுக்கே தெரியாது.

ஏரியின் அந்தக் கோடியில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மெதுவாகத் திரும்பினாள். அவன் ஓடினான். அருகே போய் மூச்சு வாங்க நின்றபோது, அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"யாரோ கத்துறாங்கன்னு நினைச்சேன்" என்றாள். "உங்க குரல்னு எனக்குத் தெரியல."

நடந்தது இதுதான். அவன் தூங்கிவிட்டான், அவன் தூங்கினால் அவள் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். முகத்தை மூடினாள், தண்ணீர் வைத்தாள், செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்தாள், தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தாள். பூங்கா வாசலைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பேருந்தின் படியில் கால் வைத்த பிறகுதான் இன்று விடுப்பு என்பது நினைவு வந்ததாம். திரும்பி வந்தவள், அருகே போனால் எழுந்துவிடுவான் என்று எதிர்க்கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆந்தைக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டுப் போகக்கூடாதா, எழுப்பினால் என்ன குறைந்துவிடும், ஆளைக் காணாமல் உயிரே போய்விட்டது என்று படபடவென்று பொரிந்தான். பாதிப் பேச்சில் குரல் தானாகத் தாழ்ந்தது. அவன் அதை மறுபடி உயர்த்திப் பிடித்தான். பக்கத்துப் படியில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அவள் படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"எழுப்பணுமா? எழுப்பணும்னு எத்தனை தடவை வந்து நின்னிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவளுக்கும் குரல் ஏறியது. மெல்லிய, கூர்மையான குரல். "எங்கம்மா போன சேதி காலையிலயே வந்துடுச்சு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க அப்பதான் படுத்தீங்க. நீங்க எந்திரிக்கிற வரைக்கும் சமையக்கட்டுல வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் அம்மா இறந்த சேதி அன்று சாயங்காலம் வந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். எழுந்து வந்தவனிடம் அவள் காபியைக் கொடுத்துவிட்டுத்தானே சொன்னாள். ஒரு பகல் முழுக்க, நடுவில் ஒரே ஒரு கதவை வைத்துக்கொண்டு, இவன் குறட்டை விட்டிருக்கிறான். சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லக்கூடாத விதத்தில், பகல் இடம் காலியாக இருக்கிறது, நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று உளறினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது எப்போது தெரியும் என்று கேட்டாள். அவன் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நாம் இருவரும் ஒரு நாள் சேர்ந்து இருந்து பார்த்துவிட்டு என்று அவன் இழுத்தான்.

"பாத்துட்டு? எனக்குப் பரீட்சை வெச்சீங்களா?"

அசடு வழிய நின்றதுதான் மிச்சம். அவள் விட்டாளா? விடவில்லை. பூங்கா வாசல் வரை, வாசலிலிருந்து நிறுத்தம் வரை, கூட்டமான பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் அவள் ஓயவில்லை. சைக்கிளைப் பூப்பாத்தியில் விட்டது, மணிக்கூண்டில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எதைக் கேட்டாலும் உனக்குப் பிடித்தால் என்று தலையாட்டியது, எல்லாம் வரிசையாக வந்தன. அதோடு அவன் அறியாத பழங்கதைகளும் வந்தன. மகளுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரிகள், தனியாகப் போன கல்யாணங்கள், தனியாகச் சிரித்த சிரிப்புகள். அவனும் சும்மா இருக்கவில்லை. புதன் ராத்திரிகளில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லி, அதை யார் கேட்டார்கள் என்று கத்தினான். யார் உட்காரச் சொன்னது, எழுப்பியிருக்க வேண்டியதுதானே என்று அவளும் கத்தினாள். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பி, கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா என்று கேட்டார்.

"முடியாது" என்றார்கள் இருவரும்.

பாலத்தின் மேல் பேருந்து மெல்ல ஊர்ந்தது. சாயங்கால வெயில் கம்பிகளுக்கிடையே விட்டுவிட்டு அவள் முகத்தில் விழுந்தது. அழுததில் அவள் மூக்கு சிவந்திருந்தது. தொண்டை கட்டிப்போய்விட்டது, ஆனாலும் அடுத்த குற்றச்சாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு பேச்சையும் இவள் எங்கே வைத்திருந்தாள்? முழு நாளில் அந்த நேரத்தில்தான் அவன் ஒரு துளித் தூக்கமும் இல்லாமல் விழித்திருந்தான். இன்னும் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவளுக்குப் பேச ஒன்றுமில்லையோ என்று பயந்தவனுக்கு, ஒரு பகல் எப்படிப் போதும் என்ற கவலை வந்துவிட்டது.

அவன் கைப்பேசியை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் குரலில், பகலுக்கே வருகிறேன், என் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றான். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டார்.

அவளுக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அப்படி என்ன அவசரம்? எனக்கு இன்னும் சொல்ல வேண்டியது எவ்வளவு இருக்கு தெரியுமா?"

"நாளைக்கு ராத்திரி சொல்லு" என்றான் அவன். "வீட்லதான் இருப்பேன்."